மேடே இல்லாத ஊரில் கியர் ஆயில் ஏன் சுடுகிறது?

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் எல்லாம் தட்டையான பூமி. மலையே ஏறாத வண்டிக்குத் தனியாக ஆயில் கூலர் எதற்கு என்று தோன்றும். ஆனால் பெரிய இன்ஜின் வைத்த பழைய ஆட்டோமேட்டிக் காரை அதிகம் வாட்டுவது மெதுவான ஓட்டம்தான். சித்திரை வெயிலில், வைக்கோல் ஏற்றிய டிராக்டருக்குப் பின்னால் நின்று நின்று ஊர்ந்து பாருங்கள். கியர்பாக்ஸ் ஆயில் சூடேறிக்கொண்டே இருக்கும், அதை ஆற்றக் காற்று இருக்காது.

சூடு பிறக்கும் இடம் டார்க் கன்வர்ட்டர். அதற்குள் இன்ஜின் பக்கத்து இறக்கைகள் ஆயிலை வீச, கியர்பாக்ஸ் பக்கத்து இறக்கைகள் அதை வாங்கிச் சுழலும். இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றாதவரை, வீணாகும் சக்தி முழுவதும் ஆயிலில் சூடாக இறங்கும். இரண்டையும் பூட்டிவிடும் லாக்-அப் கிளட்ச் பல பழைய வண்டிகளில் மேல் கியரில்தான் பிடிக்கும். அதற்கும் முந்தைய வண்டிகளில் அது கிடையவே கிடையாது.

எவ்வளவு சூடு? ஒரு லிட்டர் ஆயிலை 1 டிகிரி ஏற்ற ஏறத்தாழ 1.7 கிலோஜூல் போதும். 8 லிட்டர் ஆயில் உள்ள கியர்பாக்ஸில், பிரேக்கை மிதித்தபடி ஆக்ஸிலரேட்டரை அழுத்தி 40 கிலோவாட் கொடுத்தால், நொடிக்கு 3 டிகிரி ஏறும். பத்தே நொடியில் 80 டிகிரி ஆயில் 110-ஐத் தொட்டுவிடும். 80 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 11 டிகிரிக்கும் ஆயிலின் ஆயுள் பாதியாகும் என்பது தொழிலில் உள்ள தோராயக் கணக்கு. ஆயில் கருகினால் கிளட்ச் தட்டு வழுக்கும், ரப்பர் சீல் இறுகும்.

கம்பெனி பொருத்திய கூலர் பெரும்பாலும் ரேடியேட்டரின் தொட்டிக்குள் இருக்கும். சுற்றிலும் 90 டிகிரி கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் நீர்) இருக்கும்போது அதற்குக் கீழே ஆயிலைக் குளிர வைக்க அதனால் முடியாது. பழைய ரேடியேட்டரில் இன்னொரு பயமும் உண்டு. உள்ளே ஓட்டை விழுந்தால் கூலன்ட் ஆயிலில் கலந்து, இளஞ்சிவப்புப் பால் மாதிரி ஆகிவிடும். கிளட்ச் தட்டில் ஒட்டியிருக்கும் காகித லைனிங் பிய்ந்துவரும். குளிர் நாட்டில் ஆயிலைச் சீக்கிரம் சூடாக்க ரேடியேட்டர் வழி தேவை; டெல்டாவில் அந்த அவசியம் குறைவு. ரேடியேட்டரை மாற்றாமல் 15 வருஷம் ஓடிய வண்டி என்றால், அந்த வழியை விட்டுவிட்டு, காற்றில் ஆற்றும் தனி வெளிக் கூலரை மட்டும் நம்புவதே நல்லது. ஆனால் அப்போது ஃபேன் கட்டாயம் வேண்டும். 80 டிகிரியில் அந்த ஃபேனை ஓடவிடும் தெர்மோ சுவிட்சும் அதோடு வேண்டும்.

கூலரில் குழாய் வகை மலிவு, ஆனால் ஆயில் குழாயின் நடுவிலேயே ஓடிவிடுவதால் சூடு குறைவாகவே வெளியேறும். தட்டுகளை அடுக்கிச் செய்த வகை அதே அளவில் அதிகம் குளிர்விக்கும். எடுக்க வேண்டியது இந்தத் தட்டு வகைதான். அளவுக்கு ஒரு கணக்கு: நிமிஷத்துக்கு 6 லிட்டர் ஆயில் ஓடி, 18 டிகிரி குறைந்தால் சுமார் 3 கிலோவாட் சூடு வெளியேறும். இடம் அனுமதிக்கும் பெரிய அளவையே வாங்குங்கள். ஆனால் மிக நெருக்கமான ஃபின் (காற்று புகும் மெல்லிய தகடுகள்) வேண்டாம். தை, மாசியில் சம்பா அறுவடையின்போது சாலையில் காயும் நெல்லும் பறக்கும் பதரும் சுணையும் ஃபின்னில் அப்பிக்கொள்ளும். மேலே தூசி படிந்தால் கம்பளி போர்த்தியதுபோல் ஆகிவிடும். அந்த மாதங்களில் வாரம் ஒருமுறை இன்ஜின் பக்கத்திலிருந்து முன்னோக்கி, மெதுவாகத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். வாட்டர் சர்வீஸ் பிரஷர் கன் ஃபின்னை மடக்கிவிடும். வேதாரண்யம் பக்கம் உப்புக் காற்று வேறு: அலுமினியக் கூலரை இரும்புப் பட்டையில் நேராக முறுக்கினால் அந்த இடத்தில்தான் முதலில் அரிக்கும். நடுவே ரப்பர் வைக்கவும்.

ஃபின் வழியாகக் குத்தி இழுக்கும் பிளாஸ்டிக் டை எல்லாக் கடையிலும் கிடைக்கும். அதிர்வில் அது குழாயைத் தேய்த்து ஓட்டை போடும், தவிர்க்கவும். முன்னால் இருக்கும் ஏசி கண்டன்ஸரிலிருந்து ஒரு விரல் இடைவெளி விட்டு, ஆயில் வாய்கள் மேலோ பக்கவாட்டிலோ பார்க்கும்படி பொருத்தினால் உள்ளே காற்று தங்காது. ஹோஸ் கியர் ஆயிலுக்கென்றே செய்ததாக, பழைய லைனின் உள்விட்டத்துக்குக் (பெரும்பாலும் 8 அல்லது 10 மில்லிமீட்டர்) குறையாததாக இருக்கட்டும். கூலன்ட் ஹோஸ் இந்த ஆயிலில் உப்பி நழுவிவிடும்.

முன்பு கியர்பாக்ஸ் கெட்டு, மாற்றிய வண்டி என்றால் பழைய கூலரைக் கழுவிப் போடாதீர்கள். தட்டுகளுக்குள் சிக்கிய உலோகத் துகள் எவ்வளவு அலசினாலும் முழுதாக வராது, அதுவே புது கியர்பாக்ஸுக்குள் போகும்.

மாட்டி முடித்ததும் திரும்பி வரும் ஹோஸை ஒரு பாட்டிலில் விட்டு, ஐடிலில் 20 நொடி ஓட்டிப் பாருங்கள். பெரும்பாலான கியர்பாக்ஸில் ஏறத்தாழ ஒரு லிட்டர் வர வேண்டும். பாதிதான் வருகிறது என்றால் எங்கோ ஹோஸ் மடங்கியிருக்கிறது, அல்லது லைன் அடைத்திருக்கிறது. இன்ஜினை உடனே நிறுத்திவிட்டு அதைத் தேடுங்கள். சரியாக வந்தால், எடுத்த ஆயிலுக்கு ஈடாகவும் கூலர் குடித்ததற்காகவும் புது ஆயில் ஊற்றி, கையேடு சொன்ன முறையில் அளவு பார்த்து, 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு ஒவ்வொரு கிளாம்பையும் கையால் தொட்டு ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள்.