பழைய ஸ்போர்ட்ஸ் கார் சூடானால் உடனே ரேடியேட்டரைக் கழற்றாதீர்கள்

பட்டறைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் தீர்ப்பைக் கையோடு கொண்டுவந்துவிடுகிறார்கள். "வண்டி ஹீட் ஆகுது, புதுசா ஒரு அலுமினியம் ரேடியேட்டர் போட்டுடுங்க." எம்ஜிபி, டிரையம்ஃப் டிஆர்6, டட்சன் 240இசட் என எந்த வண்டியாக இருந்தாலும் இதே வசனம்தான். (1998 வரை காற்றாலேயே குளிர்ந்த போர்ஷே 911 வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை, அவர்களுக்கு வேறு தலைவலிகள்.) நான் முதலில் கேட்பது, எப்போது சூடாகிறது என்பதைத்தான்.

நெரிசலில் ஊர்ந்து போகும்போது மட்டும் முள் ஏறி, வேகம் எடுத்ததும் இறங்கிவிடுகிறதா? அப்படியானால் காற்றோட்டத்தில்தான் கோளாறு. விசிறியைப் பாருங்கள், விசிறியைச் சுற்றியுள்ள கூட்டைப் பாருங்கள், ரேடியேட்டருக்கும் பாடிக்கும் நடுவே இருந்து எப்போதோ கழன்று தொலைந்துபோன ரப்பர் பட்டைகளையும் பாருங்கள். வேகமாகப் போகும்போது ஏறுகிறதென்றால் தண்ணீர் ஓட்டம் போதவில்லை: ரேடியேட்டரின் டியூப் அடைத்திருக்கலாம், பம்ப் தேய்ந்திருக்கலாம், உறிஞ்சும் வேகத்தில் கீழ் ஹோஸ் சப்பிப்போகலாம். இக்னிஷன் டைமிங் பின்தங்கியிருந்தாலும், கார்புரேட்டர் பெட்ரோலைக் குறைத்துக் கொடுத்தாலும் இன்ஜின் சூடாகத்தான் செய்யும், அதற்கு ரேடியேட்டர் என்ன பண்ணும் பாவம். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். உடனே குமிழ் வர ஆரம்பித்து, நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் இன்ஜின் பிளாக்குக்கும் அதன் ஹெட்டுக்கும் நடுவே உள்ள அடைப்பான ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்பட வேண்டும். சூடாக இருக்கும்போது மட்டும் மூடியில் கை வைக்கவே வேண்டாம், அழுத்தம் விட்டதும் உள்ளே இருப்பது கொதித்து முகத்தில் அடிக்கும்.

சரி, ரேடியேட்டர்தான் குற்றவாளி என்று எப்படித் தெரிந்துகொள்வது? இன்ஜின் நன்றாகச் சூடானதும் அணைத்துவிட்டு, அகச்சிவப்பு வெப்பமானியைக் கோரின் (டியூபுகளும், அவற்றுக்கு நடுவே ஃபின் எனும் மெல்லிய தகடுகளும் நிறைந்த நடுப்பகுதி) மேல் மெதுவாக நகர்த்திப் பார்ப்பேன். தண்ணீர் நுழையும் பக்கத்திலிருந்து வெளியேறும் பக்கத்துக்குச் சூடு படிப்படியாகக் குறைய வேண்டும். நடுவில் திட்டுத்திட்டாகக் குளிர்ந்த இடம் வந்தால் அங்கே டியூப் அடைத்திருக்கிறது. கசிவுக்குப் பெரும்பாலும் கண்ணே போதும்: டியூப் போய்த் தகட்டில் சேரும் இடத்தில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கும். விரல் பட்டதும் ஃபின் பொடியாக உதிர்கிறதா, அந்தக் கோரின் ஆயுள் முடிந்தது.

பெரும்பாலான பழைய ரேடியேட்டர்களில் ஃபின் செம்பு, டியூப் பித்தளை, மேலும் கீழும் இருக்கும் டேங்குகள் பித்தளை. எல்லாவற்றையும் ஒட்டி வைத்திருப்பது ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்றாசு, அது உருகத் தொடங்குவது 183 டிகிரி செல்சியஸில். பிளாஸ்டிக் டேங்கை மடக்கி இறுக்கிய இன்றைய ரேடியேட்டரில் இல்லாத வசதி இதில்தான் இருக்கிறது: சூடு காட்டித் திறக்கலாம், உள்ளே பார்க்கலாம், திரும்ப மூடலாம். டேங்க் விளிம்பில் சின்னக் கசிவு என்றால் சுத்தம் செய்து பற்றவைத்தாலே போதும். உப்பு படிந்து அடைத்திருந்தால் டேங்கைக் கழற்றி ஒவ்வொரு டியூபிலும் மெல்லிய கம்பி விட்டு இழுத்து எடுக்கலாம். கோரே அழுகியிருந்தால் புதுக் கோர் வைத்து, பழைய டேங்குகளையும் பக்கத் தகடுகளையும் அதன்மேல் பற்றவைக்கலாம். என் ஓட்டு எப்போதும் இதற்குத்தான். வண்டி பார்க்கப் பழையபடியே இருக்கும், போல்ட் ஓட்டைகள் சரியாக உட்காரும், ரேடியேட்டர் தகட்டில் கம்பெனி அடித்த எண் போகாது. வீட்டில் செய்ய நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ஈயத் தூசியும் பற்றவைக்கப் பூசும் ஃபிளக்ஸின் புகையும் உடம்புக்கு ஆகாது, மூடிய ஷெட்டுக்குள் உட்கார்ந்து செய்யாதீர்கள்.

அலுமினியம் மோசம் என்று சொல்லவில்லை. செம்பு அளவுக்கு வெப்பத்தைக் கடத்தாவிட்டாலும் அகலமான டியூப் வைக்க முடிவதால் ஈடுகட்டிவிடும், எடையும் குறைவு, பந்தயத்துக்கு ஓட்டுகிறவர்கள் தாராளமாகப் போடலாம். ஆனால் எர்த் சரியில்லாத பழைய வயரிங் உள்ள வண்டியில் மின்சாரம் கூலன்ட் (உள்ளே சுற்றும் குளிர்விக்கும் திரவம்) வழியே கசிந்து அலுமினியத்தை அரித்துவிடும். மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவில் வைத்து, இன்னொன்றைக் கூலன்டில் மட்டும் நனையும்படி பிடியுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் முதலில் எர்த்தைச் சரிபாருங்கள்.

மூடி விஷயத்தில்தான் ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொல்கிறார்கள். சதுர அங்குலத்துக்கு ஒரு பவுண்டு அழுத்தம் கூடினால் கொதிநிலை சுமார் 1.5 டிகிரி ஏறும், அதனால் 7 பவுண்டு மூடிக்குப் பதில் 15 போட்டால் கொதிக்காது என்பது அவர்கள் கணக்கு. கொதிக்காதுதான். ஆனால் 7 பவுண்டுக்காகச் செய்த டேங்கின் தையலோ ஹீட்டரோ பிளந்துகொள்ளும். கசிவை அடைக்கும் பொடியும் அப்படியே, நல்ல டியூபையும் சேர்த்து அடைத்துவிடும். மின்விசிறியைக் கோருக்குள் பிளாஸ்டிக் நாடா குத்திக் கட்டியிருப்பதையும் அடிக்கடி பார்க்கிறேன், அதிர்வில் உராய்ந்து உராய்ந்து டியூபில் ஓட்டை விழும். விசிறிக்குத் தனிச் சட்டம் அடித்துப் பொருத்துங்கள். இன்ஜின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவதும் தீர்வில்லை. ஜாகுவார் எக்ஸ்கே இன்ஜினில் அந்தத் தெர்மோஸ்டாட்தான் சூடானதும் பைபாஸ் வழியை மூடுகிறது, அதை எடுத்துவிட்டால் தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டர் பக்கமே போகாமல் இன்ஜினுக்குள்ளேயே சுற்றும்.

ரேடியேட்டரைத் திரும்ப மாட்டும் முன் இன்ஜின் பிளாக்கைக் கழுவாமல் விடவே கூடாது. கடைசி சிலிண்டரைச் சுற்றி வார்ப்பு மணலும் துருவும் சேறாக இறுகிக் கிடக்கும். வடிகால் பிளக்கைக் கழற்றினாலும் ஒரு சொட்டு வராது, கம்பியால் குத்திய பிறகுதான் காவி நிறத்தில் கொட்டும். இதை உள்ளேயே விட்டுவைத்தால் புதுக் கோரையும் கொஞ்ச நாளிலேயே அடைத்துவிடும். எதிர்த்திசையில் தண்ணீர் விட்டு, தெளிவாக வரும்வரை அலசுங்கள்.

கூலன்டுக்கு வடிநீரும் எத்திலீன் கிளைக்காலும் சரிபாதி. ஈயப் பற்றாசு உள்ள ரேடியேட்டருக்குச் சிலிக்கேட் கலந்த பழைய வகைதான் ஏற்றது, காலாவதியானதும் மாற்றிவிட வேண்டும். எடுத்த கூலன்டைத் தட்டில் திறந்து வைக்காதீர்கள். கிளைக்கால் இனிப்பாக இருக்கும், ஆனால் விஷம், நாயும் பூனையும் நக்கிக் குடித்துவிடும். நிரப்பும்போது ஹீட்டர் வால்வு திறந்திருக்கட்டும், முன்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தி மேல் ஹோஸை அமுக்கி அமுக்கி விடுங்கள். ஃபியட் எக்ஸ்1/9 போல இன்ஜின் நடுவிலும் ரேடியேட்டர் முன்னாலும் உள்ள வண்டிகளில் நீளக் குழாய்களில் காற்று சிக்கிக்கொள்ளும், அங்கே இன்னும் பொறுமை வேண்டும். முதல் ஓட்டம் முடிந்து முழுக்கக் குளிர்ந்ததும் அளவு இறங்கியிருக்கும், அதை நிரப்பிவிட்டு ஹோஸ் கிளாம்புகளை இன்னொரு முறை இறுக்கிவிடுங்கள்.