பயாப்சி ரிப்போர்ட்டில் வரும் மரபணுப் பெயர்கள்: குடல் புற்றுநோயாளியின் குடும்பத்தாருக்கு

மும்பையில் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் பகுதிகளிலிருந்து என்னிடம் வரும் தமிழ்க் குடும்பத்தினர், பெருங்குடல் புற்றுநோய் கல்லீரலுக்குப் பரவிவிட்டது என்று அறிந்ததும், "எத்தனை கீமோ போடணும் டாக்டர்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். எந்த மருந்து என்பதைச் சொல்லவே கட்டியின் மரபணுப் பரிசோதனை முடிவு எனக்குத் தேவை.

பெரும்பாலான நோயாளிகளுக்கு, குடலின் உட்சுவரில் ஏபிசி என்னும் மரபணு செயலிழப்பதில் நோய் தொடங்கி, பாலிப் என்னும் சிறு சதை வளர்ச்சி உருவாகிறது. அதன்பின் கேராஸ், ஸ்மாட்4, டிபி53 ஆகியவையும் பழுதாகும்போது, பல ஆண்டுகளில் அது புற்றாக மாறுகிறது. குடலின் இரத்தம் போர்ட்டல் சிரை வழியே நேராகக் கல்லீரலுக்குச் செல்வதால், பிரிந்து செல்லும் செல்கள் பெரும்பாலும் அங்கேதான் முதலில் தங்குகின்றன. 2009-இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் அடையாளம் கண்ட மேக்1 என்னும் மரபணு, மெட் என்ற மற்றொரு மரபணுவைத் தூண்டி, செல்கள் இடம்பெயரும் ஆற்றலைக் கூட்டுகிறது. சிகிச்சையைத் தீர்மானிக்க அதை நாங்கள் வழக்கமாகச் சோதிப்பதில்லை.

கட்டாயம் பார்க்க வேண்டியவை கேராஸ், என்ராஸ், பிராஃப் மரபணுக்களும், டிஎன்ஏ நகலெடுப்பில் நேரும் பிழைகளைத் திருத்தும் எம்எம்ஆர் மரபணுக்களும். ஏறத்தாழ 40 சதவீத நோயாளிகளின் கட்டியில் கேராஸ் மாற்றம் காணப்படுகிறது. அவர்களுக்கு, புற்றுசெல்லின் வளர்ச்சிச் சமிக்ஞையைத் தடுக்கும் செடுக்ஸிமாப் ஊசியைக் கீமோவுடன் வழக்கமாகச் சேர்ப்பதில் பயனில்லை. முடிவைப் பார்க்காமல் அதைத் தொடங்குவது பணத்தையும் அருமையான வாரங்களையும் வீணாக்குவதாகும். எம்எம்ஆர் குறைபாடு இருந்தாலோ, பெம்ப்ரோலிசுமாப் போன்ற, உடலின் எதிர்ப்புச் சக்தியைப் புற்றுக்கு எதிராகத் தூண்டும் இம்யூனோதெரபி மருந்து நல்ல பலன் தரக்கூடும்.

தந்தையின் ரிப்போர்ட்டில் 'கேராஸ் பாசிட்டிவ்' என்றிருந்த வரியின்மேல் விரலை வைத்து, "இது எனக்கும் என் பிள்ளைக்கும் வருமா டாக்டர்?" என்று ஒரு மகள் கேட்டார். வராது. கேராஸ், பிராஃப் மாற்றங்கள் கட்டிக்குள் நேர்ந்தவை, பெற்றோரிடமிருந்து வந்தவையல்ல. எம்எம்ஆர் குறைபாடு என்றால்தான் லிஞ்ச் சிண்ட்ரோம் என்னும் பரம்பரை நிலை உண்டா என்று மேற்கொண்டு பார்க்க வேண்டும். எம்எம்ஆர் குறைபாடு உள்ளவர்களிலும் பலருக்கு அது பரம்பரையாக வந்ததாக இருக்காது. லிஞ்ச் என்று இரத்தப் பரிசோதனையில் உறுதியானால், பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அது வந்திருக்க 50 சதவீத வாய்ப்பு உண்டு. எம்எம்ஆர் மரபணுக்களான எம்எல்எச்1, எம்எஸ்எச்2 ஆகியவற்றில் இந்தப் பரம்பரை மாற்றம் உள்ளவர்கள் 20 முதல் 25 வயதுக்குள் கொலனோஸ்கோபியை, அதாவது குழாய் கேமரா வழியே பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனையைத் தொடங்கி, ஓரிரு ஆண்டுகளுக்கு ஒருமுறை செய்துகொண்டால், பாலிப் புற்றாகும் முன்பே அதை நீக்கிவிடலாம்.

திருநெல்வேலியிலோ மதுரையிலோ அறுவை சிகிச்சை முடித்து, கீமோவுக்காக மும்பையிலுள்ள பிள்ளைகளிடம் வருபவர்கள் பலர் டிஸ்சார்ஜ் சம்மரியை மட்டும் எடுத்து வருகிறார்கள். இந்தப் பரிசோதனைகளுக்கு மெழுகில் பதித்து வைத்திருக்கும் கட்டித் திசு, அதாவது 'பாரஃபின் பிளாக்', தேவை. ஊரிலிருந்து ரயில் ஏறும் முன்பே, அறுவை சிகிச்சை நடந்த மருத்துவமனையின் பேத்தாலஜி பிரிவில் எழுதிக் கொடுத்து அதைக் கேட்டு வாங்கி வாருங்கள்.