பினாமி தலைவர்: இதில் யார் பினாமி?

நீலகிரியில் பினாமி என்ற சொல்லுக்கு அறிமுகம் தேவையில்லை. கோத்தகிரிச் சரிவில் புதிதாக ஒரு பங்களா எழும்பினால், 'யாரோடது?' என்று கேட்ட கையோடு 'யார் பேர்ல இருக்கு?' என்றும் கேட்பார்கள். இரண்டுக்கும் ஒரே பதில் வராவிட்டால் அது பினாமி. பங்களாவுக்கும் டீத்தோட்டத்துக்கும் பேசிய அதே சொல்தான் ஊராட்சிப் பேச்சிலும் ஓடுகிறது: 'அந்தம்மா சும்மா பினாமி தலைவர்ங்க, எல்லாம் வீட்டுக்காரர்தான்.' சொத்து விஷயத்தில் இந்தச் சொல்லுக்குப் பொருள் தெளிவு. பதவி விஷயத்தில் அது ஆளை மாற்றிக் காட்டுகிறது என்பது என் எண்ணம்.

முதலில் பிறப்பு. பாரசீகத்தில் 'நாம்' என்றால் பெயர், 'பே' என்றால் இல்லாத. 'பேநாமி' என்றால் பெயரில்லாதது. இதே 'பே' தமிழில் இன்னொரு சொல்லிலும் உட்கார்ந்திருக்கிறது: பேமானி. 'ஈமான்' என்றால் நம்பிக்கை, நேர்மை. அது இல்லாதவன் பேமானி. சென்னையில் வசவாகிப்போன பேமானிக்கும் பத்திரப்பதிவு அலுவலகத்துப் பினாமிக்கும் முன்னொட்டு ஒன்றுதான். உருது வழியாக நிலப் பத்திரங்களின் மொழிக்குள் வந்த பேநாமியை ஆங்கிலேயர் காலத்து நீதிமன்றங்கள் மொழிபெயர்க்காமல் அப்படியே எடுத்துக்கொண்டன. மகன் பெயரில் தகப்பன் வாங்கிய சொத்து யாருக்கு என்ற வங்காள வழக்கு ஒன்றில் 1854-லேயே, அன்றைய இறுதி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் பினாமி பற்றித் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. தமிழ்க் காதுக்கோ இந்தச் சொல்லில் 'பின்' என்று கேட்கிறது. பின்னால் நிற்பவர் பினாமி என்று விளக்கம் சொன்னவர்களைப் பார்த்திருக்கிறேன். தவறான வேர்தான், ஆனால் ரசிக்கலாம்.

சட்டமொழியில், பணம் போட்டவர் ஒருவர், பத்திரத்தில் பெயர் இன்னொருவருடையது என்றால் அந்தப் பரிவர்த்தனைதான் பினாமி. பெயரைக் கொடுத்தவர் பினாமிதாரர். தமிழ்ப் பேச்சில் 'தாரர்' உதிர்ந்துபோய், பெயர் கொடுத்த ஆளே பினாமி ஆகிவிட்டார். பெயரில்லாதது என்று பொருள்படும் சொல், பெயரை மட்டும் வைத்திருப்பவரைக் குறிக்கத் தொடங்கிய கதை இது.

இனி ஊராட்சிக்கு வருவோம். அரசியல் சட்டத்தின் 73-வது திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. உள்ளாட்சியில் பெண்களுக்குக் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு இடம் என்றது. தமிழ்நாட்டில் அதன்படி நடந்த முதல் தேர்தல் 1996-ல். 2016-ல் தமிழக அரசு சட்டத்தைத் திருத்தி அந்தப் பங்கைப் பாதியாக்கியது. 2019 டிசம்பர் ஊரகத் தேர்தலில் அது செயலுக்கு வந்தது. அப்போது நீலகிரியில் இருந்தவை 35 கிராம ஊராட்சிகள். ஒன்று விட்டு ஒன்றில் பெண் தலைவர் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம்.

தலைவர் பதவியின் உயிர் கையெழுத்தில் இருக்கிறது. ஊராட்சிக் கணக்கிலிருந்து காசோலை போக வேண்டுமானால் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். காசோலைப் புத்தகமும் தீர்மானப் புத்தகமும் ஊராட்சிச் செயலரின் பையில் தலைவர் வீட்டுக்கு வரும். திண்ணையில் உட்கார்ந்து தெருவிளக்கு, மோட்டார், பைப்லைன் என்று கணக்குப் பேசுவது கணவர். பேசி முடித்ததும் உள்ளே குரல் கொடுப்பார். அந்த அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போவார். பணம் கணினி வழியாகப் போகத் தொடங்கிய பிறகு இன்னும் சுலபம்: டிஜிட்டல் கையெழுத்துக்கான யூ.எஸ்.பி. குச்சி கணவரின் சட்டைப் பையிலேயே இருந்தால் உள்ளே குரல் கொடுக்கக்கூட வேண்டாம்.

ஊர் இவர்களை அழைக்கும் முறையைக் கவனியுங்கள். கணவர் 'தலைவர்'. மனைவி 'தலைவரம்மா'. டாக்டரம்மா என்றால் மருத்துவம் பார்க்கும் பெண்ணாகவும் இருக்கலாம், டாக்டரின் மனைவியாகவும் இருக்கலாம். தலைவரம்மாவுக்கும் அதே இரட்டை வாசல். மரியாதை குறையாமலே பதவி கை மாறிவிடுகிறது. இந்தியில் இன்னும் வெளிப்படையாக 'சர்பஞ்ச் பதி' என்கிறார்கள், தலைவரின் கணவர் என்று பொருள். 2023-ல் உச்ச நீதிமன்றம் வரை விஷயம் போய், மத்திய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகம் குழு ஒன்றை அமைத்தது. கணவர்களும் உறவினர்களும் அதிகாரத்தைக் கையில் எடுப்பதற்குக் கடும் தண்டனை வேண்டும் என்று அந்தக் குழு பரிந்துரைத்தது.

சரி, இதில் யார் பினாமி? சொத்துக் கணக்குப்படி பார்த்தால் பெயர் கொடுத்தவர் பினாமி, அதாவது மனைவி. பணம் போட்டவர் உண்மையான உரிமையாளர், அதாவது கணவர். இங்கேதான் சொல் நம்மை ஏமாற்றுகிறது. ஊராட்சித் தலைவர் பதவியைக் கணவர் எந்தக் கடையில் வாங்கினார்? மக்கள் ஓட்டுப் போட்டது அந்த அம்மாவின் பெயருக்கு. பினாமி தலைவர் என்று சொல்லும்போதே, பதவி உண்மையில் கணவருடையது, மனைவி அதற்கு முகமூடி என்று ஒப்புக்கொண்டு விடுகிறோம். தப்பு செய்தவர் உரிமையாளர் ஆகிறார், உரிமை உள்ளவர் போலி ஆகிறார்.

சொத்துச் சட்டமே இதைவிடப் பெருந்தன்மையானது. 1988-ல் வந்த பினாமி பரிவர்த்தனைகள் தடைச் சட்டம், ஒருவர் தன் மனைவி பெயரிலோ மணமாகாத மகள் பெயரிலோ சொத்து வாங்குவதைத் தடையிலிருந்து விலக்கியது. அதோடு நிற்கவில்லை. வேறுவிதமாக நிரூபிக்கப்படாதவரை அந்தச் சொத்து மனைவியின், மகளின் நன்மைக்காகவே வாங்கப்பட்டதாகக் கொள்ள வேண்டும் என்றது. 2016 திருத்தத்தில் வாசகங்கள் மாறிவிட்டன என்றாலும் அந்த யோசனை பிடித்திருக்கிறது: பெண் பெயரில் இருந்தால் முதலில் அது அவருடையது என்றே எடுத்துக்கொள். டீத்தோட்டத்துக்குக் கிடைத்த இந்தச் சலுகை ஊராட்சி நாற்காலிக்கு நம் பேச்சில் கிடைக்கவில்லை.

கணவர்கள் எல்லாரும் திட்டமிட்டுப் பறித்தவர்கள் என்று சொல்ல வரவில்லை. இலை பறித்துக் கூலி வாங்கும் பெண் தலைவரானால், ஒன்றிய அலுவலகத்துக்குப் பஸ் பிடித்து இறங்கும் ஒவ்வொரு நாளும் கூலி போச்சு. ராத்திரி குடியிருப்புக்குள் யானை வந்தால், மழையில் மண் சரிந்து ரோடு அடைத்தால், அலுவலகத்திலிருந்து போன் போவது வீட்டுக்காரர் நம்பருக்கு. அந்த நம்பரைக் குறித்து வைத்திருப்பவர் அதிகாரி. பினாமியை உருவாக்குவதில் அவருக்கும் பங்கு உண்டு, அதை யாரும் பேசுவதில்லை.

இந்த மலையில் பெண்களுக்கு அரசியல் வராது என்பவர்களுக்கு இரண்டு பெயர் போதும். படகர் பெண்களில் முதல் பட்டதாரியான அக்கம்மா தேவி 1962-ல் நீலகிரி மக்களவை உறுப்பினராக வென்றார்; அப்போது ஒதுக்கீடு கிடையாது. 2022-ல் நெல்லியாளம் நகராட்சித் தலைவரானவர் பணியர் பழங்குடிச் சமூகத்துச் சிவகாமி. இது ஒதுக்கீட்டின் வழி வந்தது.

அப்புறம் தமிழ்ச் சொல். 'பொம்மைத் தலைவர்', 'கைப்பாவை' இரண்டும் வேண்டாம். ஏச்சு முழுக்கப் பெண் மேல் விழுகிறது. 'நிழல் தலைவர்' பரவாயில்லை, ஆனால் எதிர்க்கட்சிகள் அமைக்கும் நிழல் அமைச்சரவையை அது நினைவூட்டும். அது முறையான ஏற்பாடு. 'பதிலி', 'பதிலாள்' இரண்டும் நல்ல தமிழ். ஆனால் ஒருவர் ஒப்புக்கொடுத்து, இன்னொருவர் அவருக்காக வருவதுதான் பதிலி. இங்கே ஒப்புக்கொடுத்தாரா என்று யார் கேட்டது? சட்டத்திலும் ஊராட்சித் தலைவரின் வேலைக்குக் கணவரைப் பதிலியாக அனுப்ப இடமில்லை.

நான் பரிந்துரைப்பது நம் தாலுகா அலுவலக மொழியிலேயே கிடக்கும் சொல்: ஆக்கிரமிப்பு. புறம்போக்கிலும் வனத்திலும் ஓடையிலும் இது என்ன என்று மலையில் எல்லாருக்கும் தெரியும். அடுத்தவர் இடத்தில் உரிமையில்லாமல் உட்கார்ந்தவர் ஆக்கிரமிப்பாளர். அப்படியானால் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்த கணவர் பதவி ஆக்கிரமிப்பாளர். இந்தச் சொல்லில் இடம் யாருடையது என்ற குழப்பம் இல்லை, குற்றமும் சரியான ஆள் மேல் நிற்கிறது. கொஞ்சம் நீளம்தான். செய்தித் தலைப்பில் பினாமி போல மூன்றெழுத்தில் அடங்காது என்று உதவி ஆசிரியர்கள் முகம் சுளிக்கலாம்.

மனு எழுதுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994-ன் 205-வது பிரிவின்படி ஆட்சியர் தொடங்கும் பதவி நீக்க நடவடிக்கை பாய்வது தலைவர் மேல். கணவர் மேல் அல்ல. 'எங்கள் ஊராட்சித் தலைவர் பினாமியாகச் செயல்படுகிறார்' என்று திங்கள்கிழமை குறைதீர் நாளில் மனு கொடுத்தால், பதில் சொல்லி மாட்டிக்கொள்வது அந்த அம்மாதான். 'தலைவரின் அதிகாரத்தை இன்னார் ஆக்கிரமித்துள்ளார்; காசோலைகளும் டிஜிட்டல் கையெழுத்துக் கருவியும் தலைவரிடமே இருப்பதை உறுதி செய்ய வேண்டும்; அலுவலக அழைப்புகள் தலைவரின் சொந்த எண்ணுக்கே செல்ல வேண்டும்' என்று எழுதுங்கள். 2025 ஜனவரி 5-ம் தேதியோடு நீலகிரி ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து, பொறுப்பு தனி அலுவலர்கள் கைக்குப் போனது. அடுத்து ஜெயித்து வருபவருக்கு முதல் கிராம சபையிலேயே இந்த வாசகம் தீர்மானமாகப் போகலாம்.