உப்பை விட்டு சோடாவைப் பிடியுங்கள்: மக்கும் கிறிஸ்துமஸ் நட்சத்திரம்

பிளாஸ்டிக் வேண்டாமென்று உப்பும் மைதாவும் பிசைந்து மரத்துக்கு நட்சத்திரம் செய்தால் சில நாளில் பிசுபிசுத்துவிடுகிறதே, ஏன் என்று வாசகர் ஒருவர் கேட்கிறார். காரணம் உப்பு. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு அந்த ஈரத்தை இழுத்துத் தானே கரையத் தொடங்கும். டிசம்பர் மழையில் சென்னைக்கு இந்த ஈரப்பதம் சாதாரணம்.

உப்புக்குப் பதில் சமையல் சோடா போடுங்கள். ஈரத்தை எளிதில் இழுக்காது, வெள்ளையாகவும் இருக்கும். சோடா 2 கப், வெள்ளைக் கார்ன்ஃப்ளார் 1 கப், தண்ணீர் ஒன்றேகால் கப். பச்சைத் தண்ணீரிலேயே கட்டியில்லாமல் கரைத்துச் சிறு தீயில் கைவிடாமல் கிளறுங்கள். பேக்கிங் பவுடர் ஆகாது. அதில் அமிலம் சேர்ந்திருப்பதால் பொங்கிவிடும்.

சில நிமிடம் பால்போல் ஓடிக்கொண்டிருப்பது சட்டென்று திரளும். அந்தக் கணம்தான் அழகு. கார்ன்ஃப்ளாரின் ஒவ்வொரு மணியும் சுமார் 15 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) அகலமுள்ள, இறுகச் சுருண்ட மாவுச்சத்து மூட்டை. பச்சைத் தண்ணீர் அதற்குள் அதிகம் போகாது. 62 முதல் 72 டிகிரி செல்சியஸுக்குள் சுருளைக் கட்டிவைத்த பிணைப்புகள் அறுகின்றன. தண்ணீர் உள்ளே பாய்கிறது. மணி பலமடங்கு உப்புகிறது. அமைலோஸ் என்னும் நீண்ட இழைகள் வெளியே கசிந்து ஒன்றோடொன்று பின்னிக்கொள்ள, சோடாத் துகள்கள் அந்த வலையில் சிக்குகின்றன. ஆறும்போது இழைகள் நெருங்கி வரிசைப்பட்டு இறுகும். பழைய சோறு விறைப்பதும் இதே வினையால்தான். ஒரு நுண்ணோக்கியும் ஒரு துளி அயோடினும் இருந்தால் மணி உப்புவதைக் கண்ணால் பார்க்கலாம். நம் பள்ளி ஆய்வகங்களுக்கு முதலில் பணம் ஒதுக்க வேண்டியது இப்படிப்பட்ட எளிய கருவிகளுக்குத்தான்.

பிசைந்த உருளைக்கிழங்கு பதத்தில் இறக்கி, ஈரத்துணி போர்த்தி ஆறவிடுங்கள். பிசைந்து 5 மில்லிமீட்டர் கனத்தில் தேய்த்து வெட்டி, நூல் கோக்க உறிஞ்சுகுழலால் துளையிடுங்கள். வெயிலில் வைக்காதீர்கள்: மேற்பரப்பு முதலில் காய்ந்து சுருங்க, உள்ளே ஈரம் நிற்பதால் விரிசல் விழும். நிழலில், மின்விசிறிக் காற்றில், அவ்வப்போது புரட்டி ஓரிரு நாள் காயவிடுங்கள். சூடான பேக்கிங் அவனில் வைத்தால் சோடா சிதைந்து கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். நட்சத்திரம் உப்பி மஞ்சளாகும்.

ஜிகினாத் தூள் பெரும்பாலும் அலுமினியம் பூசிய பிளாஸ்டிக். அதைத் தூவினால் செய்த வேலை அத்தனையும் வீண். மஞ்சள்தூள் கலந்தால் சோடாவின் காரத்தில் செம்பழுப்பாகும். சிவப்பு வேண்டுமென்றால் காவி நல்லது. உடைந்தவற்றைச் செடித் தொட்டியில் போடவேண்டாம்: சோடியம் மண்ணை இறுக்கி வேரைக் கெடுக்கும்.