நெட்டி முறிந்தால் வலி போய்விடுமா?

"சார், கழுத்துல ஒரு தடவை டக்குனு எடுத்து விடுங்க, சரியாயிடும்." கழுத்தைத் திருப்பி 'டக்'கென்று சத்தம் வர நெட்டி முறிக்கும் வீடியோவைச் செல்போனில் காட்டிக்கொண்டே உள்ளே வருகிறவர்கள் இப்போது அதிகம். பிசியோதெரபிஸ்டாக நான் முதலில் விளக்க வேண்டியிருப்பதே அந்தச் சத்தத்தைத்தான்.

அது எலும்பு இடத்துக்கு வந்த சத்தம் இல்லை. மூட்டைச் சட்டென்று இழுக்கும்போது உள்ளே இருக்கும் திரவத்தில் அழுத்தம் குறைந்து ஒரு வாயுக்குமிழ் உண்டாகிறது. 2015-இல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் விரல் மூட்டில் இதை எம்.ஆர்.ஐ. மூலம் நேரடியாகவே படம் பிடித்தார்கள். சத்தம் வராமலும் வலி குறையும். வந்தும் குறையாமல் போகும்.

கையால் சிகிச்சை செய்கிறவர்கள் எல்லோரும் ஒரே படிப்புப் படித்தவர்கள் அல்ல. முதுகெலும்பு மூட்டுகளைக் கையால் சட்டென்று அழுத்தியும் திருப்பியும் செய்யும் கைரோபிராக்டிக் 1895-இல் அமெரிக்காவில் டி.டி. பால்மர் என்பவர் தொடங்கியது. தசை, மூட்டுகளைக் கையால் நீவியும் இழுத்தும் செய்யும் சிகிச்சையாகத் தொடங்கிய ஆஸ்டியோபதி அதற்கும் முந்தியது. அமெரிக்காவில் ஆஸ்டியோபதி பட்டம் பெற்றவர் அறுவை சிகிச்சைகூடச் செய்யும் முழு மருத்துவர்; பிரிட்டனில் ஆஸ்டியோபத் என்றால் கையால் சிகிச்சை தருகிறவர். பெயர்ப் பலகையை மட்டும் நம்ப முடியாது என்பது இதனால்தான். நம்மூரில் தொக்கணமும் (உடலை நீவிப் பிடித்துவிடுவது) வர்மமும் (உடலின் முக்கியப் புள்ளிகளில் செய்யும் சிகிச்சை) முறையாகக் கற்ற சித்த மருத்துவர்கள் இருக்கிறார்கள். சில நாள் வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் மாட்டியவர்களும் இருக்கிறார்கள். என்ன படித்தீர்கள், எங்கே பதிவு செய்திருக்கிறீர்கள் என்று தயங்காமல் கேளுங்கள். கேட்டதற்குக் கோபப்பட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஒரு அம்மா, 68 வயது. பாத்ரூமில் வழுக்கி, உட்கார்ந்த வாக்கில் விழுந்திருந்தார். சுளுக்கு என்று சொல்லி ஒருவர் மூன்று நாள் எண்ணெய் போட்டு நீவியிருக்கிறார். "ஒவ்வொரு தடவையும் வலி கூடிச்சுப்பா" என்றார். என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். மூச்சிரைப்புக்காகப் பல வருடமாக ஸ்டீராய்டு; அது எலும்பைப் பலவீனமாக்கும். முதுகுத்தண்டில் விரல் நுனியால் லேசாகத் தட்டிக்கொண்டே வந்தேன். ஒரே ஒரு இடத்தில் துடித்துப்போனார். அங்கேயே கையை எடுத்துவிட்டு எக்ஸ்ரேக்கு அனுப்பினேன். ஒரு முள்ளெலும்பு முன்பக்கம் நசுங்கி ஆப்பு மாதிரி இருந்தது. அன்றே எலும்பு மருத்துவரிடம் போனார். அந்த மூன்று நாளில் ஒருவராவது "விழுந்தீங்களாம்மா?" என்று கேட்டிருக்க வேண்டும்.

முதல் நாள் பாதி நேரம் பேச்சில்தான் போக வேண்டும். காய்ச்சல், எடை குறைவு, பழைய புற்றுநோய், ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை எல்லாம் விசாரிக்க வேண்டும். சிகிச்சை செய்கிறவர், என்ன செய்யப் போகிறார் என்று சொல்லி, உங்கள் சம்மதம் வாங்கிய பிறகே கை வைக்க வேண்டும். "நிறுத்துங்க" என்றால் நிறுத்த வேண்டும். கழுத்தைச் சடாரென்று திருப்பும்போது மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் கிழிவது அபூர்வம்தான், ஆனால் நடந்திருக்கிறது. சிகிச்சைக்குப் பிறகு ஓரிரு நாள் லேசான வலி இருப்பது சகஜம். முதுகு வலியோடு சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, தெரியாமலே போனாலோ, ஆசனவாயைச் சுற்றி மரத்துப்போனாலோ, யாரிடமும் நீவிக்கொள்ளாமல் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அந்த அம்மா, எலும்பு கூடியபின் மருத்துவரின் சீட்டோடு திரும்பி வந்தார். நான் கை வைத்தது கொஞ்சம்தான். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காரும் பயிற்சிதான் அதிகம். முதல் நாள் இரண்டு தடவை எழுந்தார், இப்போது பத்து. பாத்ரூம் சுவரில் கைப்பிடி வைக்கச் சொல்லியிருந்தேன். மகன் வைத்துவிட்டாராம்.