பாராஃப்ரேஸ் என்றால் பொழிப்புரை

வேலூர், காட்பாடி பக்கம் ஆய்வேடு எழுதுகிறவர் 'சிமிலாரிட்டி (பிற நூல்களோடு ஒத்திருப்பதாகக் கணினிக் கருவி காட்டும் ஒப்புமை) அதிகமா வருது' என்றால், 'பாராஃப்ரேஸ் பண்ணிடுங்க' என்பதுதான் உடனே வரும் பதில். சொற்களை மாற்றிப் போட்டால் போதும் என்று பலரும் அதற்குப் பொருள் கொள்கிறார்கள். கிரேக்க வேரில் அப்படி இல்லை. 'பாரா' என்றால் பக்கத்தில். 'ஃபிராஸைன்' என்றால் எடுத்துச் சொல்லுதல். மூலத்தை ஒட்டி நின்று, அதன் பொருளைத் தன் வாக்கியத்தில் சொல்வதே பாராஃப்ரேஸ்.

'சொல்மாற்று' என்று தமிழாக்கினால் அதே தவறுக்குத்தான் வழிகாட்டும். குறளுக்குப் பள்ளியில் எழுதிப் பழகிய 'பொழிப்புரை' சரியாகப் பொருந்துகிறது. சுருக்கம் வேறு, அதில் சிலவற்றை விட்டுவிடலாம். பொழிப்புரையில் கருத்து முழுதும் வரவேண்டும்.

மூலத்தில் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: "1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழ, நெற்றிக் குறியைத் தடுத்த புதிய உடை விதி முக்கியக் காரணங்களுள் ஒன்றாயிற்று."

"1806 ஜூலை 10-இல் வேலூர்க் கோட்டையில் படைவீரர்கள் புரட்சி செய்ய, நெற்றிச் சின்னத்தைத் தடைசெய்த புது ஆடை ஒழுங்கு பிரதான ஏதுவாயிற்று" என்று எழுதினால் எலும்பு அதேதான், சட்டைதான் வேறு. போதாக்குறைக்குக் கிளர்ச்சி புரட்சியாகிவிட்டது. 'காரணங்களுள் ஒன்று' காணாமல் போய், ஒரே காரணம் போலத் தொனிக்கிறது.

பொழிப்புரை இப்படி வரலாம்: "சமயக் குறி அணிந்து வரக் கூடாது என்ற ஆணை சிப்பாய்களைச் சீண்டியது. வேலூர் எழுச்சிக்கு (1806 ஜூலை 10) வித்திட்ட முக்கியமானவற்றுள் இந்த உடை விதியையும் ஆசிரியர் சேர்க்கிறார்." அதன் பின்னே ஆசிரியர் பெயர், ஆண்டு, பக்க எண்.

செய்முறை எளிது. பத்தியை இரண்டு முறை படித்துவிட்டு மூலத்தை மூடிவையுங்கள். என்ன நடந்தது, ஏன், ஆசிரியர் எவ்வளவு உறுதியாகச் சொல்கிறார் என்று குறித்துக்கொண்டு, அந்தக் குறிப்பிலிருந்து எழுதுங்கள். பிறகு மூலத்தைத் திறந்து பெயர், எண், அழுத்தம் மூன்றையும் ஒப்பிடுங்கள். மூலத்தைத் திறந்து வைத்தபடியே எழுதினால் அதன் வாக்கிய அமைப்பு தானாக ஒட்டிக்கொள்ளும்.

கலைச்சொல்லில் கை வைக்கக் கூடாது. ராணிப்பேட்டைத் தோல் கழிவு பற்றிய ஆய்வில் 'குரோமியம்' குரோமியமாகவே இருக்கட்டும். தானே மாற்றித் தரும் இணையக் கருவிகள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். மூலச் சொல்லமைப்பே முக்கியமானால் மேற்கோள் குறிக்குள் அப்படியே கொடுப்பது மேல்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிப்படி, ஒப்புமை 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 வரை போனால் 6 மாதத்துக்குள் திருத்தித் தரவேண்டும். 60-ஐத் தாண்டினால் ஆய்வுப் பதிவே ரத்து. ஆனால் ஒப்புமை காட்டும் கருவி எண்ணுவது ஒத்த சொற்களைத்தான். பூச்சியம் காட்டினாலும், மூலத்தைக் குறிப்பிடாத பொழிப்புரை கருத்துத் திருட்டே. பல வாக்கியங்களுக்கு நீளும் பொழிப்புரையில் கடைசியில் மட்டும் அடைப்புக்குறி போட்டால், எங்கே தொடங்கியது என்று தெரியாது. முதல் வாக்கியத்திலேயே ஆசிரியர் பெயரைச் சொல்லிவிடுங்கள்.