சொல் விளக்கம்: டார்சியர் – நெடுங்குதி

டார்சியர் என்பது தென்கிழக்காசியத் தீவுகளில் மட்டும் வாழும் ஒரு சிறு பாலூட்டி. பிலிப்பைன்ஸின் தெற்குத் தீவுகள், போர்னியோ, சுமத்திராவின் தென்பகுதி, சுலவேசி, இவற்றை ஒட்டிய சில குட்டித் தீவுகள், அவ்வளவுதான் அதன் உலகம். குரங்கும் மனிதனும் அடங்கும் முதனி வரிசையைச் சேர்ந்தது. உடல் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். பெரும்பாலான இனங்களின் எடை 80 முதல் 150 கிராம். வால் உடலைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு நீளம். முகத்தில் பாதியைக் கண்களே அடைத்துக்கொண்டிருக்கும்.

அந்தக் கண்களைப் பார்த்துவிட்டுத்தான் தமிழில் பலர் இதைத் தேவாங்கு என்று எழுதிவிடுகிறார்கள். "பிலிப்பைன்ஸ் தேவாங்கு" என்றும் "உலகின் மிகச் சிறிய குரங்கு" என்றும் துணுக்குச் செய்திகளிலும் காணொளித் தலைப்புகளிலும் அடிக்கடி பார்க்கலாம். இரண்டுமே தவறு. மிகச் சிறிய குரங்கு தென் அமெரிக்காவின் பிக்மி மார்மோசெட். முதனிகளிலேயே சிறியது எதுவென்றால், மடகாஸ்கரில் 30 கிராம் எடையில் வாழும் ஒரு சுண்டெலி லெமூர். தேவாங்கு ஏன் தவறு என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அதற்கு முன் பெயரின் கதையைப் பார்த்துவிடலாம்.

'டார்சியர்' பிரெஞ்சுச் சொல். 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு இயற்கையியலாளர் புஃபோன் இட்ட பெயர். இதன் அடிச்சொல் 'டார்சஸ்'. கணுக்காலிலிருந்து பாதத்தின் நடுப்பகுதி வரை உள்ள எலும்புத் தொகுதிக்கு உடற்கூற்றியலில் அந்தப் பெயர். இன்னும் பின்னால் போனால் கிரேக்கத்தில் 'டார்சோஸ்'. அது முதலில் பாலாடைக்கட்டியை உலர வைக்கும் பின்னல் தட்டியைக் குறித்தது. அப்புறம் தட்டையான பொருள்களுக்கு ஆகி, பாதத்தின் தட்டையான பகுதிக்கும் வந்து சேர்ந்தது. கண்ணிமைக்குள் விறைப்பாக இருக்கும் தகட்டையும் மருத்துவர்கள் டார்சஸ் என்றே சொல்கிறார்கள். அதுவும் அதே தட்டிதான்.

புஃபோன் கண்ணை விட்டுவிட்டுக் காலைப் பார்த்துப் பெயர் வைத்தது மிகச் சரியான கணிப்பு. நம் குதிகால் எலும்பு குட்டையாக, பருமனாக இருக்கும். டார்சியருக்கு அதே எலும்பும், அதற்கு முன்னால் உள்ள படகு வடிவ எலும்பும் குச்சிபோல் நீண்டுவிட்டன. முழங்காலுக்குக் கீழே உள்ள இரண்டு எலும்புகளும் பாதி தூரத்துக்குப் பிறகு ஒன்றாக இணைந்துவிட்டன. தொடை, கீழ்க்கால், பாதம் என மூன்று மடிப்பாக மடங்கியிருக்கும் அந்தக் கால் ஒரே உதையில் விரியும்போது, ஒரு சாண்கூட இல்லாத உடம்பு மூன்று நான்கு மீட்டர் தாண்டிப் போய்விடும்.

அது வேட்டையாடும் விதத்தைப் பார்த்தால் இந்தக் காலின் அருமை புரியும். இருட்டியதும் மெல்லிய இளமரம் ஒன்றை நெட்டுக்குத்தாகப் பற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். விரல் நுனிகளில் உள்ள வட்ட மெத்தைகள் தண்டைக் கவ்வியிருக்க, வால் தண்டில் அழுந்தி முட்டுக்கொடுக்கும். கண்கள் குழிக்குள் அசையாது. ஒவ்வொரு கண்ணும் ஏறக்குறைய அதன் மூளை அளவு பெரிது, உருட்டுவதற்கு இடமே இல்லை. ஆகவே தலையைத் திருப்புகிறது, இரு பக்கமும் கிட்டத்தட்ட 180 பாகை. முதுகுக்குப் பின்னால் இலைமேல் ஒரு வெட்டுக்கிளி அசைகிறது என்று வையுங்கள். முகம் முழுக்கப் பின்னால் திரும்பி நிற்கும், காது மடல்கள் மட்டும் துடிக்கும். அடுத்த கணம் உடல் பின்புறமாகவே பாய்ந்து, காற்றில் புரண்டு, கால் முதலில் படும்படி போய் ஒட்டிக்கொள்ளும். வெட்டுக்கிளி இரண்டு கைகளுக்கும் நடுவில் இருக்கும். தலையிலிருந்து தின்ன ஆரம்பிக்கும். இலை, பழம், பிசின் எதையும் அது தொடாது. பூச்சி, சிலந்தி, பல்லி, சிறு பறவை, எப்போதாவது ஒரு பாம்பு. முதனிகளில் முழுக்க முழுக்க ஊன் உண்டு வாழ்வது டார்சியர் ஒன்றுதான்.

இதை எந்தக் குடும்பத்தில் வைப்பது என்பதில் அறிஞர்களே நெடுங்காலம் தடுமாறியிருக்கிறார்கள். ஐரோப்பாவுக்கு இதைப் பற்றிய முதல் குறிப்பை அனுப்பியவர் மணிலாவில் இருந்த கேமல் என்ற சேசு சபைத் துறவி. இவர் நினைவாகத்தான் கமெலியா பூச்செடிக்குப் பெயர் வந்தது. அவருடைய குறிப்பு 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் அச்சானது. அதை வைத்து, உயிரினங்களுக்கு அறிவியல் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸ் 1758இல் பெயர் சூட்டியபோது குரங்குகளோடு சேர்த்தார். 1777இல் ஜெர்மானிய இயற்கையியலாளர் எர்க்ஸ்லெபன், மடகாஸ்கர் முதனிகளான லெமூர்களோடு சேர்த்தார். 1780இல்தான் இன்னொரு ஜெர்மானியரான ஷ்டோர் 'டார்சியஸ்' என்று தனிப் பேரினம் கொடுத்தார். இருந்தும் 20ஆம் நூற்றாண்டு வரை இது லெமூர், தேவாங்கு பக்கமா, குரங்கு பக்கமா என்ற வழக்கு ஓயவில்லை. 1918இல் போகாக் என்ற ஆங்கிலேயர் மூக்கைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னார். தேவாங்குக்கும் லெமூருக்கும் நாய்க்கு இருப்பதுபோல ஈர மூக்கு. டார்சியருக்கு நம்முடையதைப் போல உலர்ந்த மூக்கு. வைட்டமின் சி-யை உடலிலேயே தயாரிக்க முடியாதது, கண்ணின் உள்ளமைப்பு, பிறகு மரபணு என எல்லாச் சான்றும் பின்னாளில் குரங்குப் பக்கமே வந்து சேர்ந்தன. சுருக்கமாகச் சொன்னால் டார்சியர் தேவாங்கைவிட நமக்குத்தான் நெருங்கிய உறவு.

கண்ணிலேயே இன்னொரு சான்று இருக்கிறது. தேவாங்கின் கண்மீது இரவில் விளக்கடித்தால் பளிச்சென்று மின்னும். விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் இருப்பதால் அப்படி. டார்சியருக்கு அந்தப் படலம் கிடையாது. அதன் மூதாதைகள் பகலில் நடமாடிய காலத்தில் அதை இழந்திருக்க வேண்டும் என்பதே பெரும்பாலானவர்களின் கருத்து. பிறகு மறுபடி இரவுக்குத் திரும்பியபோது, படலம் இல்லாத குறையை ஈடுகட்டக் கண்ணே பெரிதானது. நாம் ஒற்றுமை என்று நினைக்கும் அந்தப் பெரிய கண்தான் இரண்டையும் பிரித்துக் காட்டுகிறது.

நடையைப் பார்த்தாலே போதும், தேவாங்கு இதற்கு நேர் எதிர். கிளையை ஒவ்வொரு கையாகப் பற்றி, சத்தமில்லாமல் மெல்ல நகரும், தாவாது. வாலும் இல்லை. தேவாங்கு என்ற சொல் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரிய அந்த மெலிந்த உயிருக்கே சொந்தம். மலையாளத்தில் குட்டித்தேவாங்கு, தெலுங்கில் தேவாங்கப்பில்லி என்று பக்கத்து மொழிகளிலும் அதே பெயர் இருக்கிறது. 2022இல் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 எக்டேர் பரப்பில் கடவூர் தேவாங்கு சரணாலயத்தைத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. சட்டத்தாளில் ஏறிய பெயர் அது. அதைக் கடல் தாண்டிய வேறொரு விலங்குக்குக் கொடுத்தால் தேவாங்கைப் பற்றிய செய்தியும் குழம்பும், டார்சியரைப் பற்றியதும் குழம்பும்.

சரி, அப்படியானால் தமிழில் என்னவென்று சொல்வது? 'டார்சியர்' என்றே எழுதலாம், படிப்பவர்களுக்குப் புரிகிறது. ஆனால் அதில் ஒரு சங்கடம் உண்டு. தமிழில் 'அர்' என்று முடியும் பெயர் மனிதரைத்தான் நினைவூட்டும். பாரசீகர், சீனர், டார்சியர். "பிலிப்பைன்ஸின் போஹோல் தீவின் டார்சியர்கள் காடுகளை இழந்து வருகிறார்கள்" என்று ஒருவர் எழுதினால், ஏதோ ஒரு பழங்குடி என்றே வாசகர் நினைப்பார். எழுதுபவருக்கும் வினைமுற்று அஃறிணையா உயர்திணையா என்று கை தடுமாறும்.

நேரடியாக மொழிபெயர்த்தால் 'கணுக்காலி' வரும். அது கூடவே கூடாது. பள்ளிப் பாடநூல்களில் பூச்சி, சிலந்தி, நண்டு அடங்கிய பெருந்தொகுதிக்குக் கணுக்காலிகள் என்ற பெயர் நிலைத்துவிட்டது. டார்சியரின் உணவே பெரும்பாலும் கணுக்காலிகள்தான்! உண்பதற்கும் உண்ணப்படுவதற்கும் ஒரே பெயர் இருக்க முடியாது.

அந்த மண்ணின் பெயர்களைக் கேட்டால் மலாயில் 'கேரா ஹந்து', அதாவது பேய்க்குரங்கு. மலேசியத் தமிழர் சிலர் இந்தப் பெயரைக் கேட்டிருக்கலாம். இதைத் தமிழாக்கிப் பரப்புவதில் எனக்கு உடன்பாடில்லை. தேவாங்கின் கண்ணில் மாந்திரீகம் இருப்பதாக நம்பி நம் ஊர்ப் பக்கம் அந்த வாயில்லாச் சீவனைப் பிடித்து என்ன பாடு படுத்தினார்கள் என்பது தெரிந்ததுதானே. பேய் என்ற சொல் ஒரு விலங்குக்கு ஒருநாளும் நல்லது செய்ததில்லை. போஹோலில் 'மாமாக்' என்கிறார்கள், வடக்குச் சுலவேசியில் 'தங்காசி'. அழகான பெயர்கள். ஆனால் ஒவ்வொன்றும் ஓர் ஊருக்குரியது, மொத்தக் குடும்பத்துக்கும் ஆகாது.

என் பரிந்துரை 'நெடுங்குதி'. குதி என்றால் குதிகால். நீண்டுபோன எலும்பே குதிகால் எலும்புதான் என்பதால் புஃபோன் சொன்ன பொருள் அப்படியே வந்துவிடுகிறது. குதி என்றால் தாவலும்கூட. நீண்ட குதிகாலும் நீண்ட தாவலும் ஒரே சொல்லில் அடங்குவது வேறு மொழிகளில் எளிதில் வாய்க்காது. செங்கால் நாரை போலக் காலை வைத்துப் பெயரிடும் வழக்கமும் நமக்குப் புதிதல்ல. முதல் முறை எழுதும்போது 'நெடுங்குதி எனும் டார்சியர்' என்று சேர்த்து எழுதிவிட்டால் குழப்பம் வராது. இனிக் கீழே நானும் நெடுங்குதி என்றே எழுதுகிறேன்.

குரங்கு என்று எழுதுவதால் வரும் கெடுதலையும் சொல்ல வேண்டும். குரங்கு என்றதும் பழம் கொடுத்து வளர்க்கலாம் என்று தோன்றும். நெடுங்குதிக்கு உயிருள்ள இரைதான் வேண்டும். இத்தனை ஆண்டு முயற்சிக்குப் பிறகும் உலகின் எந்த விலங்குக்காட்சி சாலையும் தலைமுறை தலைமுறையாக அதைப் பெருக்கி வளர்த்ததில்லை. கூண்டில் நலிந்து செத்துப்போகிறது. காட்டிலும் அது வேகமாகப் பெருகும் இனமில்லை. ஆறு மாதக் கர்ப்பம், ஒரு பிரசவத்துக்கு ஒரே குட்டி. பிறக்கும்போதே அந்தக் குட்டி தாயின் எடையில் கால் பங்கு இருக்கும். தாய் அதை வாயில் கவ்விச் சென்று, ஒரு கிளையில் விட்டுவிட்டு இரை தேடப் போகும். இப்படிப்பட்ட உயிரில் ஒன்றைப் பிடித்து விற்றாலும் அந்த இழப்பு ஈடாக நாளாகும்.

போஹோலில் சுற்றுலாவே ஒரு காலத்தில் இதற்குப் பெரிய துன்பமாக இருந்தது. பகலில் உறங்க வேண்டிய விலங்கைக் கிளைகளில் வைத்து, கையில் கொடுத்துப் படம் எடுக்க விட்டார்கள். வாயைத் திறந்து கொட்டாவி விடுவதுபோல் இருக்கும், சத்தம் எதுவும் கேட்காது. 2012இல் வெளியான ஆய்வு அந்த அமைதிக்கு விளக்கம் தந்தது. பிலிப்பைன்ஸ் நெடுங்குதி சுமார் 70 கிலோஹெர்ட்ஸில் கூவுகிறது. நம் காது 20க்கு மேல் கேட்காது. எத்தனை பேர் அதன் கூவலுக்கு எதிரிலேயே நின்று, அமைதியான பிராணி என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள்!

பிலிப்பைன்ஸ் அரசு 1997இல் இதைச் சிறப்புப் பாதுகாப்புக்குரிய விலங்காக அறிவித்தது. 200 பெசோ தாளிலும் இதன் படம் இருக்கிறது. ஆனால் மாற்றத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர் போஹோலின் கொரெல்லா ஊரைச் சேர்ந்த கார்லிட்டோ பிசாராஸ். இளமையில் தந்தையோடு சேர்ந்து இந்த விலங்கைப் பிடித்து, உடலைப் பதப்படுத்தி விற்றவர். எண்ணிக்கை குறைவதைக் கண்டு அந்தத் தொழிலை விட்டு, கொரெல்லா சரணாலயத்தில் காவலராகவும் வழிகாட்டியாகவும் ஆனார். 2010இல் பிலிப்பைன்ஸ் நெடுங்குதியைத் தனிப் பேரினமாகப் பிரித்தபோது அறிஞர்கள் அதற்கு 'கார்லிட்டோ' என்று அவர் பெயரையே வைத்தார்கள். அங்கே பார்க்கப் போகிறவர்கள் கொரெல்லா போன்ற இயற்கைக் காட்டுச் சரணாலயத்துக்குப் போவது நல்லது. தொடக்கூடாது, ஃபிளாஷ் கூடாது, பேச்சுக் குரலும் தாழ வேண்டும்.

சுலவேசியில் வேறு நிலைமை. அங்கு நெடுங்குதிகள் சிறு குடும்பமாக வாழும். தங்கோக்கோ காட்டில் பெரிய அத்தி மரப் பொந்துகளில் பகலைக் கழித்துவிட்டு அந்தியில் கிளம்பும். விடியும்போது ஆணும் பெண்ணும் மாறி மாறிக் கூவிக்கொண்டு அதே மரத்துக்குத் திரும்பும். இந்தக் கூவல் நம் காதுக்குக் கேட்கும். ஒரு பழைய அத்தியை வெட்டினால் ஒரு குடும்பத்தின் வீடே போய்விடும்.

எல்லாவற்றிலும் மோசமான நிலையில் இருப்பது சுலவேசிக்கு வடக்கே உள்ள சியாவ் தீவின் நெடுங்குதி. 2008இல்தான் தனி இனமாக விவரிக்கப்பட்டது. அதன் அறிவியல் பெயரின் பின்பாதி 'தும்பாரா'. அந்தத் தீவு மக்கள் காலங்காலமாக அதை அழைத்துவந்த சொல் அது. தீவின் வடபகுதியில் அடிக்கடி சீறும் கரங்கேத்தாங் எரிமலை, சுற்றிலும் நெருக்கமான ஊர்களும் தோட்டங்களும். நல்ல காடு மிகக் குறைவு. இறைச்சிக்காகவும் அதைப் பிடிக்கிறார்கள். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் அது இப்போது மிக அருகிய இனம். வேறு எந்தத் தீவிலும் தும்பாரா இல்லை.